சந்திரனில் யார் சமைத்தார்கள்?

ஆம்பூர்
14-6-1931

சிரஞ்சீவி சௌபாக்கியவதி கமலவேணிக்கு உன் தகப்பன் சம்பந்தம் ஆசீர்வதித்து எழுதியது. இங்கே நானும் உன் தாயாரும் சுகம். அங்கே ரங்கூனில் நீயும் மாப்பிள்ளையும், இன்னும் முகம் காட்டாத அந்த மூன்றாவது ஆளும் சுகமாக இருப்பதற்குக் கடிதம் போடவும்.

லேடி டாக்டர் உன்னைக் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருப்பதாக மாப்பிள்ளை எழுதியிருந்தார். முன்னே இரண்டு தடவையும் ஐந்தாம் மாதத்தில் நடந்ததையே நினைத்துக்கொண்டிருக்காதே. மனசுக்கு எந்த அதிர்ச்சியும் ஆகாது என்று டாக்டரம்மா சொன்னாளாமே, அதைக் கேட்டு நட. படுத்துக் கிடப்பவளுக்குப் பொழுது போக வேண்டுமே என்று நாவல்கள் அனுப்பலாம் என்றேன். உன் அம்மா பிடித்துக்கொண்டாள்.

“இன்னா கதை அது?”

“கருங்கிணற்று மோகினி அல்லது காணாமற்போன கங்கணம்.”

“வாயும் வயிறுமா இருக்கற பொண்ணுக்கு மோகினி கதையா? மூணாம் பாரத்துல மூணு வருசம் குந்தின புத்தி வேற எப்படி இருக்கும்?”

உண்மைதான். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாரம் என்னை விடவில்லை, நானும் அதை விடவில்லை. கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். அனுப்புமுன் நான் முழுசாகப் படித்துக் காட்ட வேண்டும். பேய் வரும் பக்கத்தில் எல்லாம் அவள் ஒரு வேப்பிலையை வைப்பாள். அப்படி வைத்தால் பேய் தபாலில் ஏறாதாம். சாயங்காலம் விளக்கை நடுவில் வைத்து நான் இந்தப் பக்கம் படிக்கிறேன், அவள் எதிரே இலைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்காருகிறாள். பேய் வந்ததும் அவள் பக்கத்திலிருந்தே இலையைச் செருகுகிறாள். அதனால் காம்பெல்லாம் புத்தகத்தின் தலைமாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். கொம்பு முளைத்த புத்தகம் வந்தால் பயப்படாதே, அது உன் அம்மாவின் காவல்.

அவள் அபிப்பிராயம்: “கிணத்துக்குள்ள இருக்கறவளுக்குத் தினம் மல்லிப்பூ யாரு கட்டித் தந்தாங்க? அதைச் சொல்லாம மேல மேல படிச்சுக்கினு போறீங்களே!”

தோல் பதனிடும் ஷாப்பில் தரம் பிரித்துவிட்டு வந்த கையாலேயே பார்சல் கட்டினேன். ஆவாரம்பட்டை நாற்றம் வந்தால் பொறுத்துக்கொள்.

உன் நன்மையே நாடும்,
சம்பந்தம்


ரங்கூன்
6-7-1931

அன்புள்ள நைனாவுக்கும் அம்மாவுக்கும் கமலவேணியின் நமஸ்காரம். நான் சுகம். அவரும் சுகம். வாஹித் பாஷா சாயபுவின் கிடங்கில் வேலை ஜாஸ்தி என்று அவர் இருட்டின பிறகுதான் வருகிறார். உங்கள் சுகத்துக்கு இரண்டு பேரும் எழுதவும். அம்மாவுக்கு எழுத வராது என்று தப்பிக்க வேண்டாம். அவள் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள்.

மோகினி வந்து சேர்ந்தாள், கொம்போடு. நாற்றம் இல்லை நைனா, வாசனை. புத்தகத்தை முகத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டு படுத்திருந்தேன், நம் வீட்டுக் கூடத்தில் இருப்பது போல இருந்தது.

என் அபிப்பிராயம்: முதல் பாதி பயமாக இருந்தது. பிறகு மோகினி உண்மையில் ஜமீன்தாரின் சின்னம்மாள், அரிசி மாவைப் பூசிக்கொண்டு வந்தாள் என்கிறபோது ஏமாற்றமாகிவிட்டது. பேய் என்றால் பேயாகவே இருக்க வேண்டும். எனக்கு மல்லிப்பூ சந்தேகம் தோன்றவே இல்லை. அம்மா கேட்டதைப் படித்து அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜஹீருன்னிசா அக்கா எட்டிப் பார்த்தாள்.

ஒரு வேண்டுகோள். இனியும் அம்மா சொல்வதை இதுபோல அப்படியே எழுதுங்கள். நடுவில் உங்கள் இலக்கணத்தை வைக்காதீர்கள்.

உங்கள் பிரியமுள்ள மகள்,
கமலா


ஆம்பூர்
25-7-1931

சௌபாக்கியவதி கமலவேணிக்கு ஆசீர்வாதம். நான் சுகம். உன் தாயாருக்குச் சாயங்கால வேளையில் கொஞ்சம் ஜுரம் காய்கிறது, காலையில் விட்டுவிடுகிறது. கஷாயம் போட்டுக் குடிக்கிறாள். பயம் ஒன்றும் இல்லை, என்னைத் திட்டும் தெம்பு அப்படியே இருக்கிறது.

இத்துடன் வருவது சாதாரண நாவல் அல்ல, சாஸ்திர நாவல். ‘விண்ணேறிய விசுவலிங்கம்’, முதல் பாகம். கும்பகோணத்து விசுவலிங்கம் என்பவன் பெண்சாதியிடம் கடைக்குப் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஆகாயக் கப்பல் கட்டிக்கொண்டு சந்திர மண்டலத்துக்கே போய்விடுகிறான். கப்பல் எப்படிப் பறக்கிறது என்று ஒரு அத்தியாயம் முழுக்க விளக்கம் இருக்கிறது. எனக்கு ஒரு அட்சரம் புரியவில்லை. ஆனால் புரிந்தவன் போல நிறுத்தி நிறுத்திப் படித்தேன். உன் அம்மா கண்டுபிடித்துவிட்டாள்.

“புரியலன்னா தாண்டிப் போங்க. நானும் புரிஞ்சாப்பல தலை ஆட்டினு குந்தியிருக்கேன், கழுத்து நோவுது.”

அவள் கேள்வி வேறு. “சந்திரன்ல தண்ணி இல்லன்றான். அப்போ சோத்தை எதுல வடிச்சான்? அங்க யாரு ஆக்கிப் போட்டாங்க? ஆம்பளைங்க எழுதற கதையில எல்லாம் சோறு அதுவா வந்து குந்திக்குது.”

இந்தப் புத்தகத்தில் பேயே இல்லை. ஆனாலும் விசுவலிங்கத்தின் பெண்சாதி இரவெல்லாம் வாசலில் காத்திருக்கும் பக்கத்தில் ஒரு இலை வைத்திருக்கிறாள். ஏன் என்றேன். “இருக்கட்டும்” என்றாள்.

இரண்டாம் பாகம் வரும் மாதம் சென்னைப் புத்தக டிப்போவிலிருந்து வி.பி. தபாலில் வரும். விசுவலிங்கம் திரும்பி வருவானா மாட்டானா என்று உன் அம்மா இப்போதே நச்சரிக்கிறாள். கதையை முன்கூட்டிச் சொல்வது பாவம் என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். எனக்கே தெரியாது என்பது வேறு விஷயம்.

வயிற்றுப் பிள்ளையையும் உன்னையும் வாழ்த்தும்,
சம்பந்தம்


ரங்கூன்
16-8-1931

அன்புள்ள நைனாவுக்கும் அம்மாவுக்கும் நமஸ்காரம். அம்மாவுக்கு ஜுரம் விட்டதா? கஷாயத்தை நம்பிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இது ஐந்தாம் மாதம். கட்டிலில் புரளக்கூட பயமாக இருக்கிறது. மழை ஓயவில்லை. எனக்குத் துணை விசுவலிங்கம்தான். ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். அவன் திரும்பி வந்தால் என் குழந்தையும் தங்கும் என்று மனசில் ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. பைத்தியக்காரத்தனம் என்று தெரிகிறது, இருந்தாலும் போகவில்லை. இரண்டாம் பாகம் வந்தவுடன் அனுப்பிவிடுங்கள். நீங்கள் படித்து முடிக்கக் காத்திருக்க வேண்டாம்.

வாசலில் காத்திருக்கும் பக்கத்தில் அம்மா ஏன் இலை வைத்தாள் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் நான் அழுதேன்.

கமலா


ரங்கூன்
10-9-1931

அன்புள்ள நைனாவுக்கு நமஸ்காரம். ஸ்டீமர் வந்தது, போனது, உங்கள் கடிதம் இல்லை. அவரைக் கேட்டால் “தபால் தாமதம்” என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுப் பேசுகிறார். அம்மாவுக்கு எப்படி இருக்கிறது? ஒரு கார்டில் ஒரு வரி போதும்.

கமலா


ஆம்பூர்
18-9-1931

சௌபாக்கியவதி கமலவேணிக்கு ஆசீர்வாதம். இவ்விடம் சுகம். அவ்விடத்துச் சுகத்துக்கு எழுதவும்.

கடிதம் போடாதது என் தப்பு. ஷாப்பில் பக்ரீத்துத் தோல் இன்னும் தீரவில்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய், பக்ரீத்து முடிந்து மாதக் கணக்காகிறது. சோம்பேறித்தனம் என்று வைத்துக்கொள். அது எனக்குப் பொருத்தமாகவும் இருக்கும்.

ஜுரம் இப்போது இல்லை.

இரண்டாம் பாகம் டிப்போவிலிருந்து இன்னும் வரவில்லை. அச்சில் ஏதோ தடங்கலாம். விசுவலிங்கத்தையும் உன் குழந்தையையும் முடிச்சுப் போடாதே அம்மாடி. அவன் காகிதம், இது ரத்தம். நீ நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கு. இந்தத் தகப்பன் உன்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பதிலாக ‘மின்சார மந்திரி’ அனுப்புகிறேன். மகேந்திரபுரி ராஜாவுக்கு ஒரு வித்துவான் இரும்பால் மந்திரி செய்து தருகிறான். அது பொய்யே பேசாது. அதனால் ராஜ்யமே கெட்டுப்போகிறது. நல்ல கதை. உன் தாயார் கேட்டுவிட்டு, “கதாசிரியரின் கற்பனை வெகு நேர்த்தி” என்று சொன்னாள். இரும்பு மந்திரி முதல் தடவை பேசும் பக்கத்தில் இலை வைத்திருக்கிறது.

சம்பந்தம்


ரங்கூன்
8-10-1931

அன்புள்ள நைனாவுக்கு நமஸ்காரம். நான் சுகம். ஐந்தாம் மாதம் தாண்டிவிட்டது. டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளை உதைக்கிறது என்றாள். எனக்கு முன்பே தெரியும்.

மின்சார மந்திரி கிடைத்தது. படித்தேன். பொய்யே பேசாத மந்திரி எனக்குப் பிடிக்கவில்லை. ராணியின் தகப்பன் செத்த செய்தியை அவள் நோயில் படுத்திருக்கும்போது படாரென்று சொல்கிறதே, அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். மனுஷ மந்திரி என்றால் நாலு நாள் மறைத்திருப்பான். மறைக்கிறவனுக்குத்தானே அதிகக் கஷ்டம்.

அம்மாவின் அபிப்பிராயம் பார்த்தேன். இன்னும் எழுதுங்கள். அம்மா என்ன சொன்னாலும் எழுதுங்கள், நான் காத்துக்கொண்டிருப்பேன். இரண்டாம் பாகத்துக்கு அவசரம் இல்லை. நான் அப்படி எழுதியதை மறந்துவிடுங்கள்.

நைனா, நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? ராத்திரியில் கூடத்தில் படுக்காதீர்கள், ஈரக்காற்று. உள்ளே படுங்கள்.

கமலா


ஆம்பூர்
12-11-1931

சௌபாக்கியவதி கமலவேணிக்கு ஆசீர்வாதம். இவ்விடம் சுகம். பாலாற்றில் இந்த வருஷம் தண்ணீர் வந்தது. ஊரே போய்ப் பார்த்தது, நானும் போனேன்.

தீபாவளிக்கு அதிரசம் செய்தோம். உன் அம்மாவுக்குக் கை வலி என்று நானே பாகு வைத்தேன். ஷாப்புக்கு எடுத்துப் போனேன். அங்கே கணக்குச் சீட்டு எழுதும் அப்துல் சமத் ஒன்றை எடுத்துக் கடித்தான். பிறகு கையால் வளைத்துப் பார்த்தான். “சம்பந்தம் பாய், இது முதல் தரம். பூட்ஸ் கம்பெனிக்கே அனுப்பலாம்” என்றான். மூன்றாம் பாரம் எனக்குப் பாகு பதத்தைச் சொல்லித் தரவில்லை.

இந்த மாதம் ‘அஸ்திநகர் அரக்கன்’. எலும்பால் கோட்டை கட்டி அதில் ஒரு அரக்கன் இருக்கிறான். உன் அம்மா சொன்னாள்: “எலும்பு இத்தினி கீதே, கறியெல்லாம் இன்னா பண்ணான்? தனியா ஒரு ஆளு எவ்ளோ துன்னுவான்? உப்புக்கண்டம் போட்டானா?” எப்படி, அவள் பேச்சு அப்படியே வந்திருக்கிறதா? நடுவில் நான் இலக்கணம் வைக்கவில்லை.

அவள் இன்னும் நிறையச் சொன்னாள். சாயங்காலமானால் பேச்சு ஓய்வதில்லை. காகிதம் போதவில்லை.

மாப்பிள்ளைக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

சம்பந்தம்


ரங்கூன்
4-1-1932

அன்புள்ள நைனாவுக்கு நமஸ்காரம். மார்கழி பிறந்த அன்று பெண் குழந்தை பிறந்தது. தந்தி கிடைத்திருக்கும். இருவரும் சுகம். குழந்தைக்கு உங்கள் காது, பாவம்.

இனி எழுதலாம். அம்மா இல்லை என்பது எனக்குப் புரட்டாசியிலேயே தெரியும்.

யாரும் சொல்லவில்லை. மின்சார மந்திரியைப் பிரித்தேன். இலைக் காம்பு புத்தகத்தின் கால்மாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் உட்காரும் பக்கத்திலிருந்து வைத்த இலை. எதிரே யாரும் இல்லை.

அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் பொய் சொல்ல வேண்டி வரும், அது அவருக்குச் சரியாக வராது. அழுதால் வயிறு குலுங்கும் என்று அழவும் இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, குழந்தை உதைக்கிறதா என்று கையை வைத்தபடி கிடந்தேன். பிறகு உங்களை நினைத்தேன். விளக்குக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து அம்மா என்ன சொல்லுவாள் என்று நீங்கள் யோசிக்கிற நேரமாவது அவள் உங்கள் எதிரே இருப்பாள் என்று தோன்றியது. அதனால்தான் இன்னும் எழுதுங்கள் என்றேன். உப்புக்கண்டம் அம்மாவேதான், நைனா. படித்துச் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு வெகு நேரம் கஷ்டமாக இருந்தது.

குழந்தை வெளியே வந்து அழுததும் நானும் அழுதேன். “அதான் முடிஞ்சுதே, இன்னும் எதுக்கு அழற?” என்று நர்ஸ் அதட்டினாள். விடவில்லை, மொத்தத்தையும் அழுதேன்.

அம்மா எப்படிப் போனாள் என்று எழுதுங்கள். மறைக்காமல் எழுதுங்கள். இப்போது எனக்கு உடம்பில் வலு இருக்கிறது.

கமலா


ஆம்பூர்
17-1-1932

என் கண்ணான கமலாவுக்கு. பேத்திக்கும் உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசீர்வாதம். இங்கே நான் மட்டும் சுகம். இந்த வரியை எழுதாமல் இத்தனை மாதம் சமாளித்தேன்.

உன்னை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நான் நினைத்தேன். நீ என்னைத் தூக்கிச் சுமந்திருக்கிறாய். தோலைத் தடவிப் பார்த்து மாட்டின் வயசைச் சொல்கிறவன் என்று எனக்குப் பெயர். ஒரு வேப்பிலையை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியவில்லை.

ஆவணிப் பாதியில் இரண்டாம் பாகம் வந்தது. வரவில்லை என்று நான் எழுதியது பொய். அன்றைக்கு ஜுரம் இறங்கியிருந்தது. சுவரில் சாய்ந்துகொண்டு, படியுங்கள் என்றாள். விசுவலிங்கம் சந்திரனில் நின்று நம் பூமியைப் பார்க்கிறான். அதில் கும்பகோணம் எங்கே, தன் வீடு எங்கே என்று தேடித் தேடிக் காணாமல் உட்கார்ந்துவிடுகிறான். அந்த இடத்தில் இலையை வைத்தாள்.

“இங்க பேய் இல்லியே தாயாரு” என்று அவளைப் பேர் சொல்லிக் கேட்டேன்.

“கமலா படிக்கறப்போ அவளுக்கு நம்ம ஊட்டு ஞாபகம் வரும். இருக்கட்டும்.”

கொஞ்சம் கண் மூடியிருந்தாள். பிறகு கேட்டாள். “மிச்சத்தை நாளைக்குப் படிங்க. அவன் திரும்பி வர்றானா இல்லியா, அதை மட்டும் பாத்துச் சொல்லிடுங்க.”

புதுப் புத்தகம், மிச்சத் தாள்களின் மடிப்பை இன்னும் வெட்டவில்லை. கத்தியை எடுத்துக் கடைசித் தாளை வெட்டிப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. நான் பெரிய இலக்கியக்காரன் அல்லவா? “முடிவை முன்னாடி சொன்னா கதைக்கு இன்னா மரியாதை? நாளைக்குக் கேட்டுக்கோ” என்றேன்.

“நீங்களும் உங்க மரியாதையும்” என்று சிரித்தாள். விடியற்காலம் எழுப்பினேன், எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் அந்தத் தாள்களை வெட்டவில்லை. அவளுக்குத் தெரியாத முடிவு எனக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன். ஆனால் சாயங்காலமானால் எதிரே உட்கார்ந்து அதையே கேட்கிறாள். புத்தகத்தை இத்துடன் அனுப்பிவிட்டேன். அதில் இருக்கும் இலை அவள் வைத்தது, காம்பு தலைமாட்டில் இருக்கும். நீ வெட்டிப் படித்துவிட்டு எனக்கு எழுது. எதுவாக இருந்தாலும் எழுது.

உன் தகப்பன்


ரங்கூன்
9-2-1932

அன்புள்ள நைனாவுக்கு நமஸ்காரம். குழந்தை பால் குடித்து நன்றாக இருக்கிறாள்.

புத்தகம் கிடைத்தது. இலையை எடுத்து என் பெட்டியில் வைத்துக்கொண்டேன். தாள்களை வெட்டி ஒரே மூச்சில் படித்தேன்.

விசுவலிங்கம் திரும்பி வந்துவிட்டான், நைனா. கப்பல் ஆற்று மணலில் இறங்குகிறது. பொழுது விடிகிற நேரம். வாசலில் அவன் பெண்சாதி நிற்கிறாள். அழவில்லை, திட்டவும் இல்லை. கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, உட்காரவைத்து, சுடச்சுடச் சோறு போடுகிறாள். அவன் மூன்றாம் தடவை சோறு வாங்கிக்கொண்ட பிறகுதான் வாயைத் திறக்கிறாள். “இத்தினி நாளா அங்க யாரு ஆக்கிப் போட்டாங்க?” என்று கேட்கிறாள். அத்துடன் கதை முடிகிறது.

புத்தகத்தைத் திருப்பி அனுப்ப முடியாது. கடைசிப் பக்கங்களில் குழந்தையின் எண்ணெய்க் கிண்ணம் கவிழ்ந்துவிட்டது, எழுத்து தெரியவில்லை. வேறு பிரதி கிடைக்கிறதா என்று டிப்போவுக்கும் எழுதாதீர்கள். நான் சொன்னதையே வைத்துக்கொள்ளுங்கள்.

கமலா


தபால் கார்டு
ஆம்பூர்
20-2-1932

கமலாவுக்கும் பேத்திக்கும் ஆசீர்வாதம். உன் கடிதம் வந்த அன்று சாயங்காலமே ஆற்றங்கரைக்குப் போய், உன் அம்மாவை வைத்த இடத்தில் உட்கார்ந்து முழுசாகப் படித்துக் காட்டினேன். திரும்பி வந்துவிட்டான் என்று சொல்லிவிட்டேன்.

முடிவு நன்றாக இருக்கிறது. அந்தக் கதாசிரியர் தாயாருவின் பேச்சை எங்கே கேட்டாரோ தெரியவில்லை. நான் விசாரிக்கப் போவதில்லை.

சம்பந்தம்